புளூடா எழும்பும் வரை

அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள்: பெர்த்திலிருந்து வந்திருந்த மூத்தவள் பெர்னடெட். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த கடைக்குட்டி ரூஃபஸ். அவன் மனைவி ஓடீலியா. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் நடுவிலவன் ஆல்பன். சுவரில், மார்ச் மாதம் செத்துப்போன அம்மா ஹோர்ட்டென்ஸ் செக்குவேரா, கண்ணாடிச் சட்டத்துக்குள். மேஜையின் தலைமாட்டில், அம்மாவின் நாற்காலியில், ஈரத்துணி போர்த்திய இனாமல் குண்டானில் புளூடா கேக்குக்கான மாவு.

மாவை ஓர் ஆளாகச் சேர்த்ததில் தவறில்லை. அந்த வீட்டில் மற்ற எல்லோரையும்விட அதற்குத்தான் மரியாதை அதிகம்.

ரவையில் செய்யும் சூஜி கேக்கை யார் வேண்டுமானாலும் கிண்டிவிடலாம். அன்னாசி டார்ட்டுக்குப் பொறுமை இருந்தால் போதும். புளூடா அப்படியல்ல. முட்டையின் மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் மனசாட்சி இல்லாமல் கொட்டி, கள்ளு ஊற்றிப் பிசைந்து, மூடி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கள்ளு வேலை செய்து மாவு எழும்ப ஒரு பகல் பிடிக்கும். எழும்பினால் கிறிஸ்மஸ். எழும்பாவிட்டால் பசை.

இதில் அம்மா தன் பங்குக்குச் சில சட்டங்களைச் சேர்த்திருந்தாள். மாவு எழும்பும்வரை கதவு, ஜன்னல் திறக்கக் கூடாது. மின்விசிறி சுற்றக் கூடாது. குரல் உயரக் கூடாது. உயர்ந்தால் மாவு பயந்து விழுந்துவிடும். எல்லோருடைய சாவியும் அவள் தலைக்கு மேலே ஆணியில் தொங்க வேண்டும். நடுவில் வெளியே போனவர், கேக் அடுப்பிலிருந்து இறங்கும்வரை உள்ளே வரக் கூடாது. ஒரு வருஷம் அப்பா சிகரெட் வாங்கப் போனார். கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரியை யாரோ ஒருவருடைய படகில் கழித்தார். அதற்குப் பிறகு புகைப்பதையே விட்டுவிட்டார்.

மலாக்காவின் அந்தப் போர்த்துகீசியக் குடியிருப்பில் வேறு எந்த வீட்டிலும் இந்தச் சட்டம் கிடையாது. பக்கத்து வீட்டு ஸீட்டா ஆன்டி ரேடியோவை அலறவிட்டு, கணவனைத் திட்டிக்கொண்டே புளூடா செய்வாள். அதுவும் ஒவ்வொரு வருஷமும் எழும்பும். சின்ன வயதில் ரூஃபஸ் இதைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறான்.

"அது புளூடா இல்ல. அது பன்னு," என்றாள் அம்மா. விசாரணை முடிந்தது.

அம்மா முட்டாள் அல்ல. வீட்டில் எதிர்ப்பு கிளம்பக்கூடிய விஷயம் எதுவானாலும் மாவை மூடி வைத்த பிறகுதான் வாயைத் திறப்பாள். பெர்னடெட் ஒரு மெத்தடிஸ்ட் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்பதை அப்படித்தான் அறிவித்தாள். "ரெண்டு பேருக்கும் அதே இயேசுதானே மம்மி," என்று பெர்னடெட் கிசுகிசுத்தாள். "மெதுவா பேசு," என்றாள் அம்மா. ரூஃபஸ் கிட்டாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்பதும் ஒரு புளூடா நாளில் முடிவானதே. அப்பா இறந்த வருஷம், கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஆல்பனிடம், "நீ திரும்பிப் போக வேணாம். எனக்குத் துணையா இரு," என்றாள். கத்தியிருக்க வேண்டிய பதில் ஒன்று அவன் தொண்டை வரைக்கும் வந்தது. குண்டானைப் பார்த்தான். "சரி மம்மி," என்று முணுமுணுத்தான்.

அந்தச் சரியைச் சொன்னவனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. சிப் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் ராத்திரிக் காவல். பகலில், அம்மா இருந்தவரை, அம்மா.

போன கிறிஸ்மஸுக்கு, தன் கடைசி மாவை மூடிவிட்டு, அம்மா வீட்டு விஷயத்தையும் தீர்த்து வைத்தாள். "வீடு மூணு பேருக்கும். எதுவானாலும் மூணுல ரெண்டு பேர் சொல்றதுதான்." மூவரும் தலையாட்டினார்கள். சத்தமில்லாமல்.

இந்த வருஷம் மாவைப் பிசைந்தது பெர்னடெட். பெர்த்தில் அவள் ஈஸ்ட் பொட்டலத்தை வைத்துத்தான் எல்லாம் செய்கிறாள். ஆனால் விமானத்திலிருந்து இறங்கியதிலிருந்து, "ஈஸ்ட் போட்டா அது ரொட்டி," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவைத் துணியால் மூடினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். சாவிகளை வாங்கி ஆணியில் மாட்டினாள். முன்கதவின் பெரிய சாவி மட்டும் பூட்டிலேயே இருந்தது. பிறகு, அம்மாவைப் போலவே, முந்தானை இல்லாத இடத்தில் முந்தானையைச் சரிசெய்வதுபோல ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆல்பனுக்கு அப்போதே புரிந்துவிட்டது, ஏதோ வருகிறது என்று.

"ஆல்பன், ஒண்ணு சொல்றேன். நீ டென்ஷன் ஆகக் கூடாது," என்று கிசுகிசுத்தாள்.

"மாவை மூடிட்டுத்தானே சொல்ற. எங்க ஆகுறது?"

"வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கலாம்னு இருக்கோம். சும்மா ஹோம்ஸ்டே இல்ல. வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கி, நம்ம பழைய காலத்து கிறிஸ்மஸ் பலகாரம் எல்லாம் அவங்க கையாலேயே செய்வாங்க. டார்ட்டு, தேங்கா மிட்டாய், டோடோல், புளூடா. சுற்றுலா கம்பெனிலேருந்து ஒரு பொண்ணு நாளைக்குக் காலைல வர்றா, கேமராவோட. புளூடா சாப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு சொல்வா."

"இருக்கோம்னா, யாரெல்லாம் இருக்கீங்க?"

ரூஃபஸ் தேங்காய் மிட்டாய்த் தட்டின்மேல் குனிந்துகொண்டான். வில்லை போடுவது அவன் வேலை. பாதி இளஞ்சிவப்பு, பாதி பச்சை. ஓரம் உடைந்ததெல்லாம் அவன் வாய்க்கு. உடையாததையும் உடைத்துக்கொண்டிருந்தான்.

"நீயுமாடா?"

"அண்ணே, அக்கா சொல்றதுல ஒரு இது இருக்குண்ணே."

"எது இருக்கு?"

"ஒரு இது."

ஓடீலியா அன்னாசி ஜாமைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி டார்ட்டுக் குழிகளில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்ததிலிருந்து அவள் கற்றுக்கொண்ட பெரிய பாடம், கைக்கு வேலை இருந்தால் கண்ணைத் தூக்க வேண்டியதில்லை என்பது.

"நான் எங்க போறது?" என்றான் ஆல்பன்.

"உன்னை யாரு போகச் சொன்னா?" பெர்னடெட்டின் கிசுகிசுப்பில் தேன் வழிந்தது. "பின்னால கொட்டாய் இருக்கு. ஃபேன் போட்டுத் தர்றேன். ராத்திரிக்கு ஒரு காவல் ஆள் வேணும்ல? உனக்குப் பழகின வேலை."

"என் வீட்டுக்கு நான் வாட்ச்மேன்."

"ராத்திரிக்கு மட்டும்தாண்ணே," என்றான் ரூஃபஸ். "பகல்ல மீனவர்."

"என்னது?"

"வர்றவங்களுக்கு அதெல்லாம் பிடிக்கும். ஒரு கிழிஞ்ச பனியன், ஓலைத் தொப்பி, தோள்ல வலை."

"எனக்குக் கடலைப் பார்த்தா வாந்தி வரும்டா."

"கடலுக்கா போகச் சொல்றோம்? வாசல்ல உக்காந்து வலையைப் பின்ற மாதிரி."

"பின்னத் தெரியாது."

"அவங்களுக்கும் தெரியாது அத்தான்," என்றாள் ஓடீலியா, ஜாம் உருண்டையிடம்.

கத்தவேண்டிய இடம் இது. நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தவேண்டிய இடம். மூவரும் ஆல்பனைப் பார்த்தார்கள். பிறகு குண்டானைப் பார்த்தார்கள். அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் மறுபடி ஆல்பனைப் பார்த்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று ஆல்பனுக்குத் தெரியும். அந்த மாவு எழும்பாது.

கள்ளு வாங்கிவருவது அவன் பொறுப்பு. காலையில் வேலை முடிந்து வரும் வழியில் மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய கள்ளை ஒரு போத்தல் வாங்கினான். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, ஒரு வாய், புளிக்கிறதா என்று பார்க்க. இரண்டாவது வாய், முதல் வாயைச் சரிபார்க்க. இப்படிப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டே போனதில் போத்தலின் அடியில் வண்டல் மட்டும் மிஞ்சியது. திரும்பிப் போக சோம்பல். ஓர் இளநீரை வெட்டச் சொல்லி, போத்தலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் குலுக்கினான். பார்வைக்குக் கள்ளு. பெர்னடெட் அதை முகர்ந்து பார்த்து, கண்ணை மூடி, "இதுதான் மம்மியோட வாசனை," என்றாள்.

ஆக, செத்த மாவு ஒன்றின் முன்னால் நான்கு பேர் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கத்தினாலும் கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. இருந்தும் ஆல்பன் கத்தவில்லை. கத்தாமலிருந்தால் தன் பக்கம் காற்று திரும்பும் என்று கணக்குப் போட்டான். மாவு எழும்பாவிட்டால் நாளைக்கு வரும் பெண்ணுக்குக் கேக் இல்லை. அதைவிட முக்கியம், ரூஃபஸ். இன்ஷூரன்ஸ் விற்பவன், ஆனால் காரில் மூன்று புனிதர்களின் படம், ஒரு பூண்டு, அம்மாவின் செபமாலை எல்லாம் வைத்திருப்பவன்.

காத்திருந்தார்கள். வீட்டுக்குள் வெந்து போகிற புழுக்கம். சண்டை கிசுகிசுப்பாகவே நடந்தது. கோபம் வந்தபோது பெர்னடெட் விரலை ஆட்டினாள். ரொம்பக் கோபம் வந்தபோது இரண்டு விரல்களை. ஓடீலியாவுக்குத் தும்மல் வந்து, தலையணையைத் தேடி ஓடி, அதில் முகத்தைப் புதைத்துத் தும்மினாள். வாசலில் கரோல் பாட வந்த பிள்ளைகளை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ரூஃபஸ் கை ஜாடையில் விரட்டினான். அவர்கள் அதை ஆசீர்வாதம் என்று நினைத்து இன்னொரு பாட்டுப் பாடிவிட்டு, "போங் நத்தால்!" என்று கிறிஸ்மஸ் வாழ்த்துக் கூவிவிட்டுப் போனார்கள்.

பிற்பகலில் பெர்னடெட் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மாவு போட்டது போட்டபடி கிடந்தது.

"குளிர்ந்திருக்கும்," என்றாள்.

"இந்த வீட்லயா?" என்றாள் ஓடீலியா. அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். அப்படியேதான்.

ஆல்பன் அம்மாவின் படத்தைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். இதற்கெல்லாம் அவனுக்குப் பயிற்சி கிடையாது. ஆனாலும் நன்றாக வந்தது. "மம்மி கை வெச்சு எழும்பாத மாவு உண்டா?" என்று கிசுகிசுத்தான். "அவங்களுக்கு இதுல இஷ்டமில்ல போலருக்கு."

ரூஃபஸின் தாடை அசைவது நின்றது. பாதி தின்ற மிட்டாயைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"அக்கா," என்றான்.

"உளறாத."

"இல்லக்கா. போன வாரம் கனவுல மம்மி வந்தாங்க. ஒண்ணும் பேசல. சும்மா பார்த்தாங்க."

"சேலைல வந்தாங்களா, கவுன்ல வந்தாங்களா?" என்றாள் ஓடீலியா.

"சேலையா? மம்மி என்னைக்கு சேலை கட்டினாங்க?"

"அதான் கேக்குறேன். வந்தது மம்மிதானான்னு."

"கவுன்தான். பூப்போட்ட கவுன். அக்கா, எனக்கு இது வேணாம்க்கா. அண்ணன் இங்கயே இருக்கட்டும்."

மூன்றில் இரண்டு. ஆல்பன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான். இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வீடு அவனுடையது. கூடத்து சோஃபா, பகல் தூக்கம், யாரும் எழுப்பாத கிறிஸ்மஸ்.

பெர்னடெட் நாற்காலியில் சாய்ந்தாள். தோற்றவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு நேர்மை அவள் முகத்தில் வந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் ஆல்பன்," என்று கிசுகிசுத்தாள். "மம்மியைப் பார்த்துக்கிட்டேன், பார்த்துக்கிட்டேன்னு ஊர் முழுக்கச் சொல்றியே. காலேஜை முடிக்கப் பயம். மம்மி கூப்பிட்டது உனக்குச் சாக்கு. அவங்களை நீ பார்த்துக்கல. அவங்கதான் உன்னைப் பார்த்துக்கிட்டாங்க."

இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

"வாயை மூடு!" என்று கத்தினான்.

ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. ஓடீலியாவின் கையிலிருந்து ஒரு ஜாம் உருண்டை விழுந்து மேஜைக்கடியில் ஓடியது. ரூஃபஸ் சிலுவை போட்டுக்கொண்டான். அந்தக் கூடத்தில் புளூடா நாளில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததே கிடையாது. கத்திய ஆல்பனுக்கே தன் குரல் யாருடையதோ போலிருந்தது. நன்றாகவும் இருந்தது.

"ஆல்பன்! மாவு!" பெர்னடெட் குண்டானை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"மாவா? அது செத்த மாவு! கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படு! கள்ளை நான் குடிச்சுட்டேன்! காலைலயே! நீங்க ஊத்தினது இளநீர்! 'மம்மியோட வாசனை'யாம்! கத்துங்க எல்லாரும்! அதுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது!"

யாரும் கத்தவில்லை. பெர்னடெட் அவனையே பார்த்தாள். பிறகு அவள் கண் கீழே இறங்கியது. அவள் கைக்குள் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டிருக்கிறது.

துணி, குண்டானின் விளிம்புக்கு மேலே வந்திருந்தது.

ஓடீலியா எழுந்துவந்து துணியின் ஒரு முனையைத் தூக்கினாள். மாவு பொங்கி, வழவழவென்று, மஞ்சளாக, பணக்காரன் வயிறு மாதிரி நின்றது. மேலே சின்னச் சின்னக் குமிழிகள். அடி வண்டலும் சர்க்கரையும் இளநீரும் அந்தப் புழுக்கத்தில் தங்கள் வேலையைத் தாமதமாக, ஆனால் ஒழுங்காகச் செய்திருந்தன. ஆல்பனைவிட ஒழுங்காக.

"எழும்பிருச்சு," என்றாள் ஓடீலியா. "நீங்க கத்தியும் எழும்பிருச்சு அத்தான்."

பக்கத்து வீட்டிலிருந்து ஸீட்டா ஆன்டியின் ரேடியோ காதில் விழுந்தது. அது எப்போதுமே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப மம்மிக்கு இஷ்டம்தான்!" என்றான் ரூஃபஸ். தட்டில் வைத்திருந்த பாதி மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "அக்கா, ஹோம்ஸ்டேவே வெச்சுக்கலாம்."

"டேய், இப்பத்தானே வேணாம்ன!"

"அது எழும்பறதுக்கு முன்னாடிண்ணே."

பெர்னடெட் இதையெல்லாம் கேட்கவில்லை. அவள் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். "கத்தினா விழாது," என்று மெதுவாகச் சொன்னாள். இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க. மூன்றாவது முறை அது ஊளையாகவே வந்தது.

"கத்தினா விழாதாம் மம்மி! மெத்தடிஸ்ட்டுன்னு சொன்னியே! அவன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவான்! எனக்குக் கிடைச்ச கத்தோலிக்கன் ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் பாக்குறான்!"

குண்டானில் ஒரு குமிழி மெதுவாக உடைந்தது. மாவு இன்னும் ஒரு விரல் ஏறியது.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. ரூஃபஸ் தன் கிட்டாரை யார் விற்றது என்று கேட்டுக் கத்தினான். ஓடீலியா, கல்யாணத்தன்று தன் அம்மா கொண்டுவந்த சூஜி கேக்கை நாய்க்குப் போட்டது யார் என்று கத்தினாள். போட்டவள் செத்துவிட்டதால் உயிரோடிருக்கும் மூவரையும் பார்த்துக் கத்தினாள். பெர்னடெட் அம்மாவையும் ஆல்பனையும் மாறி மாறித் திட்டினாள். நடுவில் ஒருமுறை மாறிப் போய் அம்மாவைக் குடிகாரி என்றாள். ஆல்பன் மேஜையைக் குத்தினான். தட்டிலிருந்த மிட்டாய்கள் எகிறின. மாவு யாரையும் சட்டை செய்யாமல் ஏறிக்கொண்டிருந்தது. கத்தக் கத்த ஏறுகிறதோ என்று சந்தேகம் வருமளவுக்கு ஏறியது.

ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஸீட்டா ஆன்டி. கையில் கரண்டி.

"என்ன சத்தம்? யாராவது போய்ட்டாங்களா?"

"இல்ல ஆன்டி! புளூடா!" என்று கத்தினான் ரூஃபஸ்.

"அட, உங்க வீட்லயும் இப்ப ஒழுங்கா செய்ய ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றுவிட்டு அவள் போனாள்.

ஆல்பன் சிரித்தான். இவ்வளவு காலத்துக்கும் சேர்த்து வந்த சிரிப்பு அது, வயிறு வலித்தது. வீடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு யோசனை வந்தது. கத்தினால் விழாது என்றால், மற்றதெல்லாமும் பொய்தானே? அதை நிரூபித்துவிட்டால் அம்மாவின் பேச்சு ஒன்றுக்கும் மதிப்பில்லை. மூன்றில் இரண்டு என்பதும் அம்மாவின் பேச்சுதான். அதையும் இதோடு சேர்த்துக் கடலில் வீசிவிடலாம்.

"இங்க பாருங்க," என்றான். "கத்தினா விழும்னாங்க. விழல. கதவைத் திறந்தா விழும்னாங்க. பார்த்துடுவோமா?"

"அண்ணே, வேணாம்ண்ணே."

"ஏன்? நீதான் எழும்பிட்டா மம்மிக்கு இஷ்டம்ங்கறியே."

முன்கதவுக்குப் போனான். பூட்டிலிருந்த சாவியைத் திருகினான். கதவை அகலமாகத் திறந்தான். கடல் காற்று மீன் வாடையோடு உள்ளே புகுந்து மேஜைவிரிப்பைத் தூக்கியது. மூவரும் குண்டானைச் சுற்றி நின்றார்கள்.

"விழுந்துச்சா?"

"விழல அத்தான்."

"வெளிய போனா விழும்னாங்க. அப்பாவை ஒரு ராத்திரி முழுக்கப் படகுல போட்டாங்க இதுக்காக!" வாசலைத் தாண்டி, படியிறங்கி, முற்றத்தில் போய் நின்றான். எதிர் வீடுகளில் வண்ண விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. ஒரு கையைத் தூக்கி, வெற்றி பெற்ற வேட்பாளர் மாதிரி ஆட்டினான். "இப்ப?"

உள்ளே ஓடீலியா எட்டிப் பார்த்தாள். "விழல."

"பாத்தீங்களா! எல்லாம் பொய்! அவங்க சொன்ன ஒரு சட்டமும் செல்லாது!"

பெர்னடெட் வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் மாவு. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. முகம் மட்டும் தெளிந்திருந்தது. முற்றத்தில் நிற்கும் தம்பியைப் பார்த்தாள். தலையைத் திருப்பி, ஆணியில் தொங்கும் அவன் சாவியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஆல்பனுக்குத் தெரியும். அப்பா சிகரெட் வாங்கப் போன வருஷம், அதே இடத்தில், அதே உயரத்தில், அதே மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"எல்லாம் இல்ல ஆல்பன்," என்றாள். "ஒண்ணு மட்டும் சரியாத்தான் சொல்லிருக்காங்க."

"எது?"

"வெளிய போனவன் வெளியதான்."

"அக்கா, விளையாடாத."

"பின்னால கொட்டாய் திறந்துதான் இருக்கு. ஃபேன் நாளைக்கு மாட்டுறேன்."

அவன் படிக்கு வருவதற்குள் கதவு பாதி மூடிவிட்டது. ஓங்கி அறையவில்லை. குண்டானில் மாவு இருக்கும் நாளில் கதவை எப்படிச் சாத்த வேண்டுமோ அப்படி, மெல்ல, காற்றுகூட அசையாமல் சாத்தினாள். உள்ளே சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. சத்தமே வரவில்லை. அந்த வீட்டில் அது எல்லோருக்கும் பழக்கம்.